மனந்திரும்புதல், விசுவாசம், இரட்சிப்பு: தபால்வழி வேதபாடம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனைப் பக்கத்திலும் உள்ள கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில், நாட்காட்டிகளுக்கும் ஞாயிறு பாடசாலைப் படப்புத்தகங்களுக்கும் அருகே, இலவசத் தபால்வழி வேதபாடக் கைந்நூல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றுள் மனந்திரும்புதல், விசுவாசம், இரட்சிப்பு ஆகிய மூன்றையும் ஒரே தொடராகக் கற்பிக்கும் பாடநெறி ஒன்றை, கல்லடியில் எங்கள் வீட்டில் மாலை நேரங்களில் கூடும் வாசிப்புக் குழு முழுமையாகப் படித்து முடித்தது. குழுவில் மெதடிஸ்த சபையாரும் கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த இளைஞர் சிலரும் இருக்கிறார்கள். ஒரே கைந்நூலை இத்தனை பக்கங்களிலிருந்தும் வாசித்ததால், அதன் நிறையையும் குறையையும் ஓரளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன். பாடநெறியை நடத்துவோர் தங்கள் பெயர் விளம்பரமாவதை விரும்பவில்லை. ஆகையால் பெயரைக் குறிப்பிடாமலே எழுதுகிறேன்.

அமைப்பு எளிமையானது. ஆறு பாடங்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு கைந்நூல், நடுவில் கழற்றி எடுக்கக்கூடிய வினாத்தாள். விடைகளை எழுதித் தபாலில் அனுப்பினால், அவற்றை ஒருவர் கையால் திருத்தி, அடுத்த பாடத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறார். இப்போது வினாத்தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பவும் இடமளிக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. முத்திரைச் செலவு மட்டும் நம்முடையது. இறுதியில் ஒரு சான்றிதழ் வருகிறது. அச்சும் தாளும் இலவச வெளியீட்டுக்குத் தகுந்த அளவில் உள்ளன. வசனங்களை அடித்திருக்கும் சாய்வெழுத்து மட்டும் வயதானவர்களின் கண்ணுக்குப் பெரும் சோதனை.

முதல் பாடம் பாவத்தைப் பற்றியது. ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் தொடங்கி ரோமர் 3:23 வரை வேகமாக ஓடுகிறது. எல்லாருக்கும் தெரிந்ததைத் தெரிந்த விதத்தில் சொல்கிறது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டாம் பாடமோ வேறொருவர் எழுதியதோ என்று எண்ணத் தோன்றும் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது.

அந்தப் பாடம் மனந்திரும்புதலை விளக்க யூதாசையும் பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. மத்தேயு 27ஆம் அதிகாரத்தின்படி யூதாஸ் தான் செய்ததற்காக வருந்தினான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததால் பாவம் செய்தேன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டான். வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். வருத்தம், அறிக்கை, ஈடுசெய்தல் ஆகிய மூன்றும் அவனிடம் இருந்தன. பேதுருவோ மூன்று தரம் மறுதலித்துவிட்டு வெளியே போய் மனங்கசந்து அழுததைத் தவிர, அந்த இரவில் எதையும் செய்ததாகச் சுவிசேஷம் சொல்லவில்லை. அப்படியிருக்க, ஒருவனுடைய வருத்தம் அவனை அழிவுக்குக் கொண்டுபோனதும் மற்றவனுடைய வருத்தம் அவனைத் திரும்பக் கொண்டுவந்ததும் எதனால் என்பதே வினாத்தாளின் கடைசிக் கேள்வி. விடைக்கு நான்கு வெற்றுக் கோடுகள் விட்டிருந்தார்கள்.

எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், யூதாஸ் காலந்தாழ்த்தி வருந்தினான் என்று விடை எழுதி அனுப்பினார். திரும்பி வந்த தாளில் அந்த வரியின் ஓரத்தில் பச்சை மையில் இப்படி எழுதப்பட்டிருந்தது: "பேதுரு வருந்தியதும் சேவல் கூவிய பிறகுதானே, ஐயா? யூதாஸ் வெள்ளிக்காசோடு யாரிடம் போனான் என்று மறுபடியும் பாருங்கள். பிறகு லூக்கா 22:61ஐப் பாருங்கள்." ஆசிரியர் அன்று மாலை அந்த வசனத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். கர்த்தர் திரும்பிப் பேதுருவை நோக்கிப் பார்த்தார் என்று அங்கே இருக்கிறது. அதன் பிறகுதான் அழுகை. யூதாஸ் போனது ஆசாரியர்களிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று அவர்கள் அவனைத் தனியே விட்டுவிட்டார்கள். மனந்திரும்புதல் என்பது தன் பாவத்தைத் தானே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதோடு முடிவதில்லை, அது கிறிஸ்துவின் முகத்தை நோக்கித் திரும்புவது என்பதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஒரு வினாத்தாளின் ஓரத்தில் எழுதிய அந்த மூன்று வரிகள் அதை எங்களுக்குள் இறக்கிவிட்டன. 2 கொரிந்தியர் 7:10இல் பவுல் தேவனுக்கேற்ற துக்கம் என்றும் லௌகிக துக்கம் என்றும் இரண்டைப் பிரித்துச் சொல்வதையும் பாடம் இங்கேயே பொருத்தமாகச் சேர்த்திருக்கிறது.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். யூதாசின் முடிவைச் சொல்லும்போது, வேதம் சொல்லியதற்கு மேல் ஒரு சொல்லையும் இந்தப் பாடம் சேர்க்கவில்லை. தன்னுயிரை மாய்த்துக்கொண்ட ஒருவரை நினைத்து இன்றும் உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் எங்கள் ஊர்களில் உண்டு. அவர்களுக்கு முன்னால் தீர்ப்பு நாற்காலியில் ஏறி உட்காராத எழுத்து அரிது.

பாடத்தின் இரண்டாம் பகுதி சகேயுவைப் பற்றியது. லூக்கா 19ஆம் அதிகாரத்தில் நிகழ்வுகள் எந்த ஒழுங்கில் நடக்கின்றன என்பதைக் கவனிக்கும்படி கைந்நூல் சொல்கிறது. சகேயு கொடுத்ததால் இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. இயேசு வருவதாகச் சொன்னதால் சகேயு சந்தோஷத்தோடே இறங்கி வந்தான், அதன் பிறகே கொடுத்தான். எண்ணாகமம் 5:7இன்படி, அநியாயமாய் எடுத்ததை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும். சகேயுவோ நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்கிறேன் என்று தானாகவே சொன்னான். யாத்திராகமம் 22:1இல் ஆட்டைத் திருடி விற்றவனுக்கு விதிக்கப்பட்ட அளவு அது. கிருபை வந்த வீட்டில் கணக்குத் தாராளமாகிவிடுகிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல பகுதி கிடைக்காது.

இதை வாசித்த அன்று, படுவான்கரையிலிருந்து வரும் விவசாயி ஒருவர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, தன் தகப்பனார் காலத்தில் பக்கத்து வயலுக்குள் தள்ளிக் கட்டப்பட்ட வரம்பு ஒன்று இன்றும் அப்படியே இருப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு போகமும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை இழுத்து அணைத்து வந்ததில், ஒரு நடைபாதை அளவு நிலம் இந்தப் பக்கம் வந்துவிட்டதாம். அயலானுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவனைப் பற்றி உபாகமம் 27:17 என்ன சொல்கிறது என்று யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை; அவருக்கே அது தெரிந்திருந்தது. அடுத்த விதைப்புக்கு முன் பக்கத்து வயற்காரரைக் கூட்டிக்கொண்டு போய், பழைய இடத்தில் வரம்பை வெட்டினார். ஒரு பாடநெறியின் தரத்தை மதிப்பிட இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டால், இரண்டாம் பாடத்தைப் பொறுத்தவரை எதுவும் வேண்டியதில்லை என்பேன்.

மூன்றாம் பாடத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. இந்த மதிப்பீட்டை எழுத வேண்டும் என்று எண்ணியதற்கு அந்தப் பாடமே முக்கிய காரணம். மனந்திரும்பாவிட்டால் என்ன நேரும் என்பது அதன் பொருள். அதற்கு ஆதாரமாக லூக்கா 13:3, 5 ஆகிய இரு வசனங்களின் பின்பாதி மட்டும் தடித்த எழுத்தில் தரப்பட்டிருக்கிறது: நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள். எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்க அளவில் ஒரு படம். கரையை நோக்கி எழுந்து வரும் ஒரு பெரிய அலை. கீழே 'கடைசி எச்சரிக்கை' என்னும் வரி.

இந்தக் கைந்நூலை நாங்கள் விரித்து வைத்திருந்தது கல்லடியில். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்த கரை இது. நாவலடியில் தன் பிள்ளைகளை இழந்த தாய் ஒருவர் எங்கள் குழுவுக்கு வருகிறார். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், கைந்நூலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞரைப் பார்த்து, "நாங்க அப்படி என்ன பாவம் மனே செஞ்ச?" என்று கேட்டார். அந்த இளைஞர் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே நல்லது.

லூக்கா 13ஐ முழுதாக வாசித்திருந்தால் இந்தப் பாடம் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். அங்கே இரண்டு மரணச் செய்திகள் பேசப்படுகின்றன. ஒன்று, பலியிட வந்த கலிலேயருடைய இரத்தத்தைப் பிலாத்து அவர்களுடைய பலிகளோடே கலந்தான் என்பது. அதாவது, வழிபாட்டில் இருந்தவர்கள் வழிபாட்டிலேயே கொல்லப்பட்டார்கள். மற்றது, இயேசு தாமே எடுத்துச் சொல்வது: சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டது. ஒன்று மனிதர் செய்த கொலை. மற்றது யாரும் எதிர்பாராத விபத்து. இந்த இரு சம்பவங்களைப் பற்றியும், மாண்டவர்கள் மற்ற எல்லாரிலும் பார்க்கப் பாவிகளாய் இருந்ததால்தான் அப்படி நேர்ந்தது என்று நினைக்கிறீர்களோ என இயேசு கேட்கிறார். இரண்டு முறையும் அவரே விடை தருகிறார்: அப்படியல்ல. அந்த மறுப்பு வசனங்களின் முன்பகுதியில் இருக்கிறது. கைந்நூல் தடித்த எழுத்தில் தந்திருப்பது அதற்கு அடுத்த பகுதியை. முதற்பகுதியை வெட்டிவிட்டுப் பிற்பகுதியை மட்டும் அச்சிட்டால், இயேசு மறுத்த அதே எண்ணத்தை இயேசுவின் வாயிலேயே வைப்பதாகிவிடும்.

மட்டக்களப்பில் வாழ்கிற எவருக்கும் இந்த இரண்டு செய்திகளும் தொலைதூரத்துச் செய்திகளாக இருக்க முடியாது. 2004இல் கடல் வந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, ஆராதனைக்கு வந்தவர்கள், அவர்களுள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர், சீயோன் தேவாலயத்தில் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். விழுந்த கோபுரமும் வழிபாட்டில் சிந்திய இரத்தமும் எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கிறவர்கள் முதலில் அந்த 'அப்படியல்ல' என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். இறந்தவர்களின் பாவக் கணக்கைப் பார்க்கும் உரிமை உயிரோடிருக்கிறவர்களுக்கு இல்லை என்று சொன்ன பிறகே, உயிரோடிருக்கிற நாம் எல்லாரும், செய்தி கொண்டுவந்தவர்கள் உட்பட, தேவனிடம் திரும்ப வேண்டியவர்கள் என்று இயேசு சொல்கிறார். அந்த அழைப்பு சாவைக் காட்டிப் பயமுறுத்துவதற்காக எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அதை அடுத்தே, மூன்று வருஷமாகக் கனி கொடாத அத்திமரத்தின் உவமை வருகிறது. தோட்டக்காரன் எஜமானிடம் இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறான். அதைச் சுற்றிக் கொத்தி எருப்போடுவேன் என்கிறான். ரோமர் 2:4இல் பவுலும் தேவனுடைய தயவே மனந்திரும்பும்படி ஏவுகிறது என்று எழுதுகிறார். கைந்நூலில் அத்திமரமும் வரவில்லை, ரோமர் 2:4ம் வரவில்லை. அலையின் படத்துக்கு ஒரு முழுப்பக்கம் இருந்திருக்கிறது.

அந்தத் தாய் மூன்றாம் வினாத்தாளை எழுதவில்லை. குழுவின் சார்பில் நாங்கள் விளக்கமாக ஒரு கடிதம் அனுப்பினோம். பச்சை மைக்காரரிடமிருந்து, வினாத்தாள் எதையும் இணைக்காமல், ஒரு முழுப்பக்க மறுமொழி வந்தது. அந்தப் படத்தை வைத்தவர்கள் கிழக்குக் கரையை நினைத்துப் பார்க்கவில்லை என்றும், நாங்கள் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி என்றும் அவர் எழுதியிருந்தார். "அந்த அம்மாவிடம் மூன்றாம் பாடத்தைக் கேட்க வேண்டாம். அவருக்கு நான்காம் பாடத்தை அனுப்பியிருக்கிறேன். அதற்கு முன் லூக்கா 13இன் முதல் ஒன்பது வசனங்களை யாராவது அவருக்குப் பக்கத்தில் இருந்து மெதுவாக வாசித்துக் காட்டுங்கள்" என்று முடித்திருந்தார். வாசித்துக் காட்டினோம். அவர் தொடர்ந்து வருகிறார். ஆனால் அதே மூன்றாம் பாடம், அதே படத்தோடு, இன்னும் எல்லாருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. திருத்துகிறவரின் நல்ல மனதைக் காரணம் காட்டி அச்சிட்ட பிழையை மன்னித்துவிட முடியாது. ஏனென்றால் வீட்டில் தனியாக இருந்து படிக்கிறவரின் மடியில் முதலில் விரிவது அந்த அச்சுப் பக்கமே.

நான்காம் பாடம் விசுவாசம். தொடக்கம் நன்றாக இருக்கிறது. பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன், இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட நிகழ்வை எடுத்துக்கொண்டு, பவுலும் சீலாவும் கொடுத்த மறுமொழியோடு நின்றுவிடாமல், அதே இராத்திரியில் அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவியதையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு வைத்ததையும் வாசிக்கச் சொல்கிறது. அந்தக் காயங்களோடு அவர்களை உட்காவலறையில் அடைத்துத் தொழுமரத்தில் மாட்டியவனும் அவனே. விசுவாசம் அவனுடைய கைகளுக்கு வந்து சேர ஒரு பகல்கூடத் தேவைப்படவில்லை. பிறகு மாற்கு 9:24. பிசாசு பிடித்த மகனுக்காக மன்றாடும் தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் கண்ணீரோடே சொல்வதை இயேசு குறையாக எண்ணவில்லை, மகனைக் குணமாக்கினார். விசுவாசத்தின் பலம் விசுவாசிக்கிறவனுடைய உறுதியில் தங்கியிருப்பதில்லை, யாரை விசுவாசிக்கிறான் என்பதில் தங்கியிருக்கிறது என்ற அந்த விளக்கத்தைப் பெந்தெகொஸ்தே இளைஞர்களும் ஆமோதித்தார்கள். போதுமான விசுவாசம் இல்லாததால்தான் நோய் தீரவில்லை என்று சொல்லக் கேட்டு மனம் உடைந்தவர்களை அவர்களும் அறிவார்கள்.

ஆனால் அதே பாடத்தின் இறுதிப் பக்கத்தில், கத்தோலிக்கர் நற்கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று போதிக்கிறார்கள் என்ற வாக்கியம் வருகிறது. இது தவறு. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547இல் நீதிமானாக்கப்படுதல் (தேவன் பாவியை நீதிமானாக்கி ஏற்றுக்கொள்வது) பற்றி வெளியிட்ட விதிகளில் முதலாவதே, கிறிஸ்துவின் வழியாக வரும் தேவ கிருபையில்லாமல் மனிதன் தன் சொந்தக் கிரியைகளால் நீதிமானாக முடியும் என்று சொல்கிறவரைக் கண்டிக்கிறது. கிருபை ஒருவருக்குள் எப்படிச் செயற்படுகிறது, மனிதனின் ஒத்துழைப்புக்கு எந்த இடம் உண்டு என்பவற்றில் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கும் திரெந்துக்கும் இடையே உண்மையான வேறுபாடுகள் இருந்தன, சில இன்றும் இருக்கின்றன. அவற்றை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் 1999 அக்டோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. 2006இல் உலக மெதடிஸ்த மன்றம் அதனோடு இணைந்துகொண்டது. நம்மிலுள்ள எந்தத் தகுதியினாலுமன்றி, கிருபையினாலேயே, கிறிஸ்துவின் மீட்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தினாலே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை அவர்கள் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்த நாள் முதல் இங்கே மெதடிஸ்தரும், அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே கத்தோலிக்கரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்து வருகிறார்கள். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு சபையாரும் உண்டு. அயல்வீட்டாருடைய விசுவாசத்தைப் பற்றி அவர்களிடமே கேட்டிருந்தால் அந்த வாக்கியம் அச்சேறியிருக்காது. எங்கள் குழுவிலுள்ள கத்தோலிக்க அக்கா ஒருவர், ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் தான் சொல்லும் மனத்துயர் மன்றாட்டை நிதானமாகச் சொல்லிக் காட்டினார். அதில் சம்பாத்தியம் எதுவும் எங்கள் யாருடைய காதிலும் விழவில்லை.

எபேசியர் 2:8, 9 ஆகிய வசனங்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் கைந்நூல், நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்னும் 10ஆம் வசனத்தை விட்டுவிட்டதும், யாக்கோபு 2ஆம் அதிகாரத்தை இரண்டு வரிகளில் கடந்துபோனதும் இதே அவசரத்தின் விளைவு என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் பாடம் இரட்சிப்பு. இங்கே பாடநெறி மறுபடியும் தன் பலத்தைக் காட்டுகிறது. இரட்சிக்கப்பட்டீர்கள் என்று எபேசியர் 2:8 முடிந்துபோன காரியமாகப் பேசுகிறது. இரட்சிக்கப்படுகிற நமக்கு என்று 1 கொரிந்தியர் 1:18 நடந்துகொண்டிருக்கும் காரியமாகப் பேசுகிறது. கோபாக்கினைக்கு நீங்கலாக அவராலே நாம் இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயம் என்று ரோமர் 5:9 வரப்போகும் காரியமாகப் பேசுகிறது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று மோத விடாமல் விளக்கியிருக்கும் பக்கங்கள் தெளிவானவை. சிலுவையில் மனந்திரும்பிய கள்வனுக்கு ஞானஸ்நானமோ நற்கிரியையோ செய்ய நேரம் கிடைக்கவில்லை என்பதையும், அவனைக் காரணம் காட்டி மனந்திரும்புதலைத் தள்ளிப்போட எவருக்கும் உரிமை இல்லை என்பதையும் ஒரே பத்தியில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பாடத்தின் முடிவில் வெட்டி அனுப்ப வேண்டிய ஒரு படிவம் இருக்கிறது. ஒரு சிறு ஜெபம் அச்சிடப்பட்டு, அதன் கீழே 'நான் இரட்சிக்கப்பட்ட திகதி' என்று ஒரு கோடும் கையொப்பத்துக்கு இன்னொரு கோடும் விடப்பட்டுள்ளன. உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி அந்தக் கோட்டை என்ன செய்வதென்று தெரியாமல் திணறினாள். பாட்டியின் மடியில் ஜெபிக்கப் பழகியவள் அவள். இயேசுவை விசுவாசிக்காத ஒரு நாளை அவளால் நினைவுபடுத்த முடியவில்லை. தேதி இல்லாததால் தன் இரட்சிப்பே பொய்யோ என்று அவள் கேட்டபோது, அவளுடைய முகத்தில் இருந்த பயம் உண்மையானது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லிக்கு 1738 மே 24 என்று சொல்ல ஒரு நாள் இருந்தது. பவுலுக்குத் தமஸ்குவின் வழி இருந்தது. தீமோத்தேயுவுக்கோ 2 தீமோத்தேயு 1:5இன்படி பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இருந்தார்கள். அவனுடைய விசுவாசம் மாயமற்றது என்று எழுதிய பவுல் அவனிடம் திகதி கேட்கவில்லை.

மாணவி அந்தக் கோட்டை வெறுமையாக விட்டு, காரணத்தைக் கீழே எழுதி அனுப்பினாள். திரும்பி வந்த பச்சை மை எழுத்து இது: "மகள், திகதி தேவையில்லை. நீங்கள் இன்று யாரிடம் ஜெபித்தீர்கள் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். பாட்டிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்." அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் இந்த வரிகளைப் படித்தால் படிவத்தையே மாற்றிவிடுவார் என்று நினைக்கிறேன். ஜெபத்தைச் சொல்லிக் கையொப்பமிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியும் இதே அளவு ஆபத்தானது. 1517இல் லூத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துகளில் முதலாவதே, விசுவாசிகளின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே கிறிஸ்துவின் விருப்பம் என்று சொல்கிறது. ஒருநாள் நிரப்பி அனுப்பிவிட்டு மறந்துபோகும் படிவத்தில் இது அடங்காது.

ஆறாம் பாடம் ஞானஸ்நானத்தையும் புதிய வாழ்வையும் பற்றியது. குழந்தை ஞானஸ்நானமா, வயதுவந்தோர் ஞானஸ்நானமா என்ற வாக்குவாதத்துக்குள் போகாமல் அவரவர் சபையின் போதகரையோ குருவானவரையோ கேட்கச் சொன்னது பண்பான செயல். மற்றபடி பாடம் மெலிந்திருக்கிறது. வெஸ்லி தம் போதனையின் சாரத்தைச் சொல்லும்போது, மனந்திரும்புதலை வீட்டின் முகப்பு என்றும் விசுவாசத்தை வாசல் என்றும் பரிசுத்தத்தை வீடு என்றும் எடுத்துக்காட்டினார். இந்தப் பாடநெறி முகப்புக்கும் வாசலுக்கும் ஐந்து பாடங்களைக் கொடுத்துவிட்டு, வீட்டை எட்டுப் பக்கங்களில் முடித்துவிட்டது. குடியையும் கடனையும் சீதனத்தையும் குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையையும் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. கிழக்கில் மனந்திரும்பிய ஒருவர் மறுநாள் காலையில் எதிர்கொள்ளப் போவது இவற்றைத்தான்.

அப்படியானால் இந்தப் பாடநெறியைப் பரிந்துரைக்கிறேனா என்று கேட்டால், ஆம், நிபந்தனையோடு பரிந்துரைக்கிறேன். அச்சில் இருப்பதை மட்டும் பார்த்தால் இதைப் போன்ற கைந்நூல்கள் வேறும் உண்டு. திருத்துபவர் ஒவ்வொரு விடையையும் ஒரு மனிதருடைய விடையாக வாசிக்கிறார் என்பதே இதை வேறுபடுத்துகிறது. ஆகையால் கோடிட்ட இடங்களை நிரப்புவதோடு நிறுத்தாமல், உங்களுக்கு உள்ள சந்தேகத்தையும் வருத்தத்தையும் தாளின் அடியில் எழுதுங்கள். எழுதாத கேள்விக்கு அவரால் மறுமொழி எழுத முடியாது. முடிந்தால் தனியாகப் படிக்காமல் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து படியுங்கள். குறிப்பாக மூன்றாம் பாடத்தை, லூக்கா 13இன் முதல் ஒன்பது வசனங்களை வாசிக்காமல் திறக்க வேண்டாம். கடற்கரைக் கிராமங்களிலும், 2019இல் உறவுகளை இழந்த வீடுகளிலும் இதைப் பகிர்ந்து கொடுக்க நினைக்கும் சபைகள், அந்த ஒரு பாடத்தை எடுத்துவிட்டுக் கொடுப்பதே நன்று. எடுத்துவிட்டாலும் தொடர் அறுபடாது. இரண்டாம் பாடத்திலிருந்து நேரே நான்காம் பாடத்துக்குப் போகலாம்.

கைந்நூல் கிடைக்காதவர்கள் நகரிலுள்ள கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலோ தங்கள் சபையிலோ விசாரித்துப் பார்க்கலாம். தபாலில் அனுப்புகிறவர்கள் விடைத்தாளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு அனுப்புவது நல்லது. எங்கள் குழுவில் ஒருவருடைய தாள் வழியில் தொலைந்து, மறுபடியும் முழுவதையும் எழுத வேண்டியதாயிற்று. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மறுமொழி விரைவாக வருகிறது, ஆனால் அது தட்டச்சில் வருவதால் சுருக்கமாக இருக்கிறது. பச்சை மையில் ஓரக்குறிப்பு வேண்டுமானால் தபாலிலேயே அனுப்புங்கள்.